ஒரு கடதாசி, எட்டுக் கால்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கடதாசிக் கொக்கு மடிக்கும் முறையை எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் கொக்கைப் பற்றிக் கேட்டவை இரண்டே; ஏனையவை எல்லாம் சிலந்தியைப் பற்றியவை. கொக்குக்கும் சிலந்திக்கும் இடையில் படிப்படியாக ஏறவேண்டிய பல மாடிகள் இருக்கின்றன என்று எச்சரிக்கவேண்டியது என் கடமை. எச்சரித்துவிட்டேன். ஒத்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கி, இனிப் பதில்களுக்கு வருகிறேன்.

கேள்வி: ஐயா, நான் தரம் 10 இல் படிக்கிறேன். பாடசாலைக் கண்காட்சிக்காக, வெட்டாமலும் ஒட்டாமலும் ஒரே சதுரக் கடதாசியில் சிலந்தி மடிக்க முயன்றேன். ஏ4 அளவு போட்டோக்கொப்பிக் கடதாசியைச் சதுரமாக வெட்டிக்கொண்டேன். நூறு படிகளுக்கு மேல் எல்லாம் சரியாகவே வந்தது. கால்களை ஒடுக்கத் தொடங்கியதும் அவை விறகுக் குச்சி போலத் தடித்து, மடிய மறுத்துவிட்டன; நான்காவது காலில் கடதாசி கிழிந்தே போயிற்று. மூன்று தடவையும் இதே கதைதான். நான் எங்கே பிழை விடுகிறேன்?
— மாணவி, வெள்ளவத்தை

பதில்: மகள், பிழை உங்கள் விரல்களில் இல்லை. நூறு படிகளைக் கிழியாமல் தாண்டிய ஒருவருக்கு மடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. கடதாசிக்கும் கால்களுக்கும் இடையே ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில்தான் நீங்கள் தோற்றிருக்கிறீர்கள். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதனைப் புரிந்துகொண்டால் சிலந்தி மட்டுமல்ல, நண்டும் வண்டும்கூட ஏன் சிரமம் தருகின்றன என்பது விளங்கிவிடும்.

சதுரத்தை விரித்து வைத்து அதில் ஒரு புள்ளியைக் காலின் நுனி என்று குறித்துக்கொள்ளுங்கள். கால் எவ்வளவு நீளமாக இருக்கவேண்டுமோ அவ்வளவு தூரத்துக்கு அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள கடதாசி முழுவதும் அந்த ஒரு காலுக்கே செலவாகிவிடும். வேறெந்த உறுப்பும் அதில் பங்கு கேட்கமுடியாது. அதாவது, மடிப்பவரின் கண்ணில் ஒரு கால் என்பது அதன் நீளத்தை ஆரையாகக் கொண்ட ஒரு வட்டம். நுனி சதுரத்தின் மூலையில் அமைந்தால் அந்த வட்டத்தின் கால்வாசி மட்டுமே கடதாசியில் விழும். விளிம்பில் அமைந்தால் அரைவாசி. நடுவில் அமைந்தால் முழு வட்டம். வட்டங்கள் ஒன்றையொன்று தொடலாம், ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. அமெரிக்கப் பௌதிகவியலாளரான ரொபர்ட் லாங், ஜப்பானியரான மெகுரோ தொஷியுக்கி ஆகிய இருவரும் தனித்தனியே இந்த எண்ணத்தை ஒழுங்கான வடிவமைப்பு முறையாக வளர்த்தெடுத்தார்கள். லாங் அதற்காக ட்ரீமேக்கர் என்ற கணினி நிரலையே எழுதினார். பின்னர் 2001இல் விஞ்ஞானப் பணியை விட்டு முழுநேர மடிப்பாளராகவும் மாறினார். 1990களில் மடிப்பாளர்களுக்கிடையே 'பூச்சிப் போர்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஒரு போட்டி நடந்தது: ஒருவர் ஆறு கால் வண்டு மடித்தால் அடுத்தவர் அதற்குக் கொம்பு வைப்பார், மூன்றாமவர் சிறகும் உணர்கொம்பும் சேர்ப்பார். இந்த வட்டக் கணக்கு இல்லாமல் அந்தப் போட்டி அவ்வளவு தூரம் போயிருக்காது.

இனி உங்கள் ஏ4 கடதாசிக்கு வருவோம். அதிலிருந்து கிடைக்கும் சதுரத்தின் பக்கம் 21 சென்ரிமீற்றர். கொக்குக்கு வேண்டியவை கழுத்து, வால், இரு சிறகுகள் என நான்கு நுனிகளே. நான்கையும் நான்கு மூலைகளில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தின் அரைவாசி, அதாவது 10.5 சென்ரிமீற்றர் கிடைக்கும். சிலந்திக்கு எட்டுக் கால்கள், போதாததற்கு வயிறு. மூலைகளில் நான்கு, விளிம்புகளின் நடுப்புள்ளிகளில் நான்கு, சதுரத்தின் மையத்தில் வயிற்றுக்கு ஒன்று என வைத்தால் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 10.5 சென்ரிமீற்றர் இருக்கும். ஆகவே ஒரு காலின் நீளம் 5.25 சென்ரிமீற்றர். வயிற்றை மறந்துவிட்டு எட்டுக் கால்களை மட்டும் எவ்வளவு கெட்டித்தனமாக அடுக்கினாலும் ஏறத்தாழ 5.4 சென்ரிமீற்றருக்கு மேல் போகமுடியாது. கொக்கின் சிறகில் ஏறக்குறைய அரைவாசிதான் சிலந்தியின் கால்.

தடிப்பு இங்கேதான் வருகிறது. 5.25 சென்ரிமீற்றர் நீளக் காலை 3 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒடுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூலைக்காலுக்குரிய கால்வாசி வட்டத்தின் பரப்பை அந்த ஒடுங்கிய காலின் பரப்பால் வகுத்தால், சராசரியாகக் குறைந்தது 13 அடுக்குக் கடதாசி அதற்குள் திணிக்கப்பட்டிருப்பது தெரியும். விளிம்பின் நடுவிலிருந்து வரும் காலில் அதன் இரட்டிப்பு, ஏறத்தாழ 27 அடுக்கு. 500 தாள் கொண்ட போட்டோக்கொப்பிக் கட்டின் உயரம் சுமார் 5 சென்ரிமீற்றர் என்பதால் ஒரு தாளின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் எனலாம். அப்படியானால் 27 அடுக்கின் தடிப்பு 2.7 மில்லிமீற்றர், காலின் அகலமோ 3 மில்லிமீற்றர். நீங்கள் அதன்பின் மடிக்க முயன்றது கடதாசியை அல்ல, ஒரு சதுரக் குச்சியை. கிழியாமல் என்ன செய்யும்? உங்கள் நான்காவது கால் விளிம்புக் காலாகத்தான் இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டவும் நான் தயார்.

பெரிய கடதாசி எடுத்தால் அடுக்குகள் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது. அதே வடிவத்தை அதே விகிதத்தில் மடித்தால் அடுக்குகளின் எண்ணிக்கை மாறாமலே இருக்கும், அகலம்தான் கூடும். 50 சென்ரிமீற்றர் சதுரத்தில் அந்தக் கால் 7 மில்லிமீற்றர் அகலமாகும். கடதாசியின் தடிப்பும் பாதியாக இருந்தால் 27 அடுக்கு சேர்ந்தாலும் ஒன்றரை மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடும். 7 மில்லிமீற்றர் அகலத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு என்பது மடிக்கக்கூடிய கால். ஆகவே போட்டோக்கொப்பிக் கடதாசியைக் குறைசொல்லவேண்டியதில்லை. அதில் கால்களும் உடலும் பிரிந்து நிற்கும் அடிப்படை வடிவம் வரை மடித்துப் பழகுங்கள், கால்களை ஒடுக்கும் படி வந்ததும் நிறுத்திவிடுங்கள். கண்காட்சிக்குரியதைப் பெரிய, மெல்லிய கடதாசியில் தொடங்குங்கள்.

கேள்வி: வெளிநாட்டு ஒரிகாமிக் கடதாசி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கொழும்பில் கிடைக்கும் எந்தக் கடதாசியில் சிலந்தி மடிக்கலாம்?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: புறக்கோட்டைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள். கடைகளில் கிடைக்கும் பதினைந்து சென்ரிமீற்றர் வண்ணச் சதுரங்கள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சிலந்திக்கு உதவா, அவை சிறியவை. உங்களுக்கு வேண்டியவை இரண்டு பொருட்கள்தாம்.

முதலாவது, பாடசாலைப் புத்தகங்களுக்கு உறை போடும் பிரவுண் பேப்பர். அதிலும் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும் மெல்லிய வகையைக் கேட்டு வாங்குங்கள். அதன் நார்கள் நீளமானவை. நான்கைந்து தடவை முன்னும் பின்னும் மடித்தாலும் கோட்டில் வெடிக்காது. நிறமும் சிலந்திக்குப் பொருத்தமானது. முதல் சிலந்தியை அரை மீற்றர்ச் சதுரப் பிரவுண் பேப்பரில் மடிக்கும்படியே எல்லோருக்கும் சொல்வேன்.

இரண்டாவது, வெசாக் கூடுகளுக்கும் காலிமுகத்திடலில் பறக்கும் பட்டங்களுக்கும் ஒட்டுகின்ற டிஷ்யூக் கடதாசி. அது தனியே நின்றால் துணிபோலத் துவளும், மடிப்புக்கோடு நிற்காது. இரண்டு தாள்களை ஒட்டி ஒன்றாக்கினால் மெல்லியதும் உறுதியானதுமான கடதாசி கிடைக்கும். ஒட்டுவதற்குக் கேக் அலங்காரப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சி.எம்.சி. எனப்படும் பசைத் தூள் போதும். ஒரு கோப்பை தண்ணீரில் ஒரு தேக்கரண்டித் தூளைத் தூவிக் கலக்கி ஓர் இரவு வைத்தால் கட்டியில்லாத கூழாகிவிடும். கண்ணாடி மேசையின்மேல் முதல் தாளை விரித்து, அகலமான தூரிகையால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கூழைப் பூசி, அதன்மேல் இரண்டாவது தாளைக் காற்றுக் குமிழி இல்லாமல் படியவைத்து மறுபடியும் பூசுங்கள். காய்ந்தபின் ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தெடுத்து, அதன் பிறகே சதுரமாக வெட்டவேண்டும். மலிவான டிஷ்யூவின் சாயம் ஈரம் பட்டதும் வழியும். கறுப்பும் சிவப்பும் இதில் மோசமானவை. வெள்ளைத் தாளை வாங்கிக் கூழில் அக்கிரிலிக் நிறம் கலந்துகொள்வது நல்லது.

கொழும்பின் ஈரப்பதனையும் கணக்கில் எடுக்கவேண்டும். கடதாசி ஈரத்தை உறிஞ்சும்போது நார்களின் குறுக்குத் திசையில் கூடுதலாகவும் நீளத் திசையில் குறைவாகவும் விரியும். குளிரூட்டிய அறையில் துல்லியமாக வெட்டிய சதுரம், யன்னல் திறந்த வரவேற்பறைக்கு வந்ததும் மயிரிழை அளவு சதுரமல்லாததாகிவிடும். சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் முப்பத்திரண்டு கட்டங்களாகப் பிரிக்கும்போது அந்த மயிரிழை உங்களைத் தேடிவரும். எங்கே மடிக்கப்போகிறீர்களோ அதே அறையில் கடதாசியை ஓர் இரவு விட்டுவைத்து, அங்கேயே வெட்டுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற படவரைஞன் நான். படிப்படியான விளக்கப்படம் இல்லாமல், மடிப்புக்கோடுகள் மட்டும் வரைந்த ஒரு சதுரப் படம் கிடைத்தது; அதை மடித்தால் சிலந்தி வருமாம். கோடுகளை எல்லாம் பிசகாமல் இட்டுவிட்டேன். ஆனால் அவற்றை ஒருங்கே மடித்துத் தட்டையாக்கப் பார்த்தால் கடதாசி கசங்குகிறதே தவிர ஒடுங்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
— தெஹிவளை வாசகர்

பதில்: ஐயா, உங்கள் தொழிலே உங்களுக்குப் பாதி வேலையைச் செய்து தந்திருக்கிறது. நீங்கள் வரைந்ததைத் திறந்து வைத்து, கோடுகள் கூடும் சில சந்திகளைச் சரிபாருங்கள். தட்டையாக மடியக்கூடிய எந்தச் சந்தியிலும், அது கடதாசியின் விளிம்பில் இல்லாவிட்டால், கூடும் மடிப்புகளின் எண்ணிக்கை இரட்டை எண்ணாகவே இருக்கும். மேல்நோக்கி முகடாக நிற்கும் மடிப்புகளையும் கீழ்நோக்கிப் பள்ளமாக இறங்கும் மடிப்புகளையும் தனித்தனியே எண்ணினால் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் எப்போதும் 2. இது மாயெகாவா ஜுன் என்பவரின் பெயரால் வழங்கும் தேற்றம். சந்தியைச் சுற்றியுள்ள கோணங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 180 பாகை வரவேண்டும் என்பது கவாசாகி தொஷிக்காசுவின் தேற்றம். முகடு மூன்று, பள்ளம் மூன்று என்று ஒரு சந்தியில் எண்ணினீர்களானால், ஏதோ ஒரு கோட்டை மாற்றி மடித்திருக்கிறீர்கள்; எவ்வளவு அழுத்தினாலும் அது தட்டையாகாது. கசங்கும் இடத்துக்கு அருகில் இப்படி ஒரு சந்தி இருக்கும் என்பதே என் ஊகம்.

சந்திகள் யாவும் சரியென்றால் பிழை பொறுமையில் இருக்கலாம். கோடுகளை எல்லாம் ஒருங்கே மடித்து ஒடுக்குதல் என்பது ஒரு மூலையிலிருந்து தொடங்கி மற்ற மூலைக்கு மடித்துக்கொண்டே போகும் வேலை அல்ல. எல்லாச் சந்திகளும் அரைகுறையாக எழுந்து நிற்கவேண்டும். எதுவும் முழுதாகத் தட்டையாகிவிடக் கூடாது. முதல் நாள் கோடுகளை மட்டும் பழக்குங்கள்: மை தீர்ந்த குமிழ்முனைப் பேனையால் அடிமட்டத்தை ஒட்டி ஒவ்வொரு கோட்டையும் மென்மையாக அழுத்தி, முகட்டை ஒரு பக்கத்திலிருந்தும் பள்ளத்தை மறுபக்கத்திலிருந்தும் விரல்களால் கிள்ளிவிடுங்கள். அப்போது கடதாசி தானாகவே சுருங்கத் தொடங்கும். மேசையில் வைத்துவிட்டுக் கையெடுத்தால் அரைப்பங்காகக் குவிந்து நிற்கும். அந்தக் குவியலே உங்களுக்கு வழிகாட்டி.

அடுத்த நாள் வயிற்றுக்கும் மார்புக்கும் இடையே ஓடும் பட்டையைப் பாருங்கள். கால்களின் வட்டங்களுக்கு நடுவே ஆறுபோல் வளைந்து செல்லும் அந்தப் பட்டையே உடலின் நீளமாகிறது. முதலில் அதன் இரு கரைகளிலும் உள்ள சந்திகளை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளுங்கள். ஒரு பகுதி ஒத்துவந்ததும் உடுப்புக் கிளிப்பால் கவ்விவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்லலாம். என்னிடம் இதற்கென்றே ஒரு டசின் சிறிய மரக் கிளிப்புகள் இருக்கின்றன. கொடியில் உடுப்புக் காயப்போடுவதற்குக் கேட்டாலும் கொடுப்பதில்லை. சில இடங்களில் ஒரு முனையை வெளிப்பக்கமாக விடாமல் உள்ளே அமிழ்த்தவேண்டி வரும். மடிப்பாளர்கள் அதைச் சிங்க் என்பார்கள். திறந்த சிங்க்கை விரித்து மடிக்கலாம். மூடிய சிங்க்கை விரிக்கவே முடியாது, உள்ளிருந்து தள்ளவேண்டும். அதற்குப் பின்னல் ஊசியின் மழுங்கிய முனையைவிடச் சிறந்த கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முப்பத்திரண்டு கட்டங்களின் கோடுகளை விளிம்பிலிருந்து விளிம்புவரை இழுக்கவேண்டியதில்லை. முடிந்த வடிவத்தில் எந்தத் துண்டு மடிப்பாக இருக்குமோ அந்தத் துண்டை மட்டும் மடியுங்கள். எல்லாக் கோடுகளும் சதுரத்தின் மையத்தில் சந்திக்கும்படி மடித்தால் அந்த மையத்தில் குண்டூசித் துளை போல ஒரு ஓட்டை விழும். அது சிலந்தியின் முதுகின் நடுவிலேயே வந்து நிற்கும்.

கேள்வி: கத்தரிக்கோலால் ஒரு வெட்டு, கொஞ்சம் பசை. அதில் என்ன குற்றம்?
— பம்பலப்பிட்டி வாசகி

பதில்: குற்றம் எதுவும் இல்லை. 1797இல் ஜப்பானில் அச்சான கொக்கு மடிப்பு நூலொன்றில் ஒரே தாளில் பகுதிகளை வெட்டிப் பிரித்து ஒன்றோடொன்று தொடுத்த கொக்குகளை மடித்துக் காட்டியிருக்கிறார்கள். வெட்டாமல் மடிப்பது பிற்காலத்தில் மடிப்பாளர்கள் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. ஆனால் எட்டு வெட்டு வெட்டிச் சிலந்தி செய்தால் அது ஐந்து நிமிட வேலை. உங்கள் ஆர்வமும் ஆறாவது நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

கேள்வி: ஒருவாறு மடித்து முடித்துவிட்டேன். ஆனால் பார்ப்பவர்கள் எல்லோரும் அதை நண்டு என்கிறார்கள். வீட்டில் உண்மையான சிலந்திகளுக்குக் குறைவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். எது குறைகிறது?
— மட்டக்குளி வாசகர்

பதில்: பார்த்திருக்கிறீர்கள், ஆனால் கால்கள் எங்கே முளைக்கின்றன என்று பார்க்கவில்லைப் போலிருக்கிறது. சிலந்தியின் உடல் இரண்டு பகுதிகளைக் கொண்டது: தலையும் மார்பும் சேர்ந்த முன்பகுதி, வயிறான பின்பகுதி. எட்டுக் கால்களும் முன்பகுதியில்தான் முளைக்கின்றன. வயிற்றில் ஒரு கால்கூட இல்லை. மடிப்பவர்கள் பெரும்பாலும் கால்களை உடலின் முழு நீளத்துக்கும் பரப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்த மறுகணமே அது நண்டுதான். நான்கு சோடிக் கால்களையும் ஒரு இடத்தில் நெருக்கிச் சேர்த்து, இடையை மெல்லியதாகக் கிள்ளி, அதன் பின்னால் வயிற்றைக் காற்றூதியதுபோல உருட்டிவிடுங்கள். முகத்தின் முன்னே இரண்டு சிறிய தொடுகால்களும் இருக்கும். உங்கள் வடிவத்தில் மிஞ்சிய முனைகள் இருந்தால் அவற்றை இதற்குப் பயன்படுத்தலாம்.

அடுத்தது கால்களின் வளைவு. உண்மையான சிலந்திக் காலில் ஏழு கணுக்கள் உள்ளன. கடதாசிக் காலில் ஏழையும் காட்ட முயலாதீர்கள். மூன்று வளைவு போதும். உடலிலிருந்து கால் முதலில் மேலே ஏறவேண்டும், முழங்காலில் கூர்மையாகத் திரும்பிக் கீழே இறங்கவேண்டும், பாதம் சற்றே வெளிநோக்கி விலகவேண்டும். எல்லா முழங்கால்களும் முதுகைவிட உயரத்தில் நின்றால் பார்ப்பவருக்கு உடம்பு கூசும், கூசினால் வெற்றி. இரண்டு சோடி முன்னோக்கியும் இரண்டு சோடி பின்னோக்கியும் இருக்கட்டும். பல சிலந்திகளில் முதலாம், நான்காம் சோடிகள் நீளமானவை, மூன்றாம் சோடி குட்டையானது. மூலைகளிலிருந்து வந்த மெல்லிய கால்கள் நான்கையும் முதலாம், நான்காம் சோடிகளாக்கி, விளிம்பிலிருந்து வந்த தடித்த கால்களை நடுவில் ஒளித்துவிடுவது என் வழக்கம். கடதாசியின் குறை அப்போது சிலந்தியின் குணமாகிவிடும். கொழும்பு வீடுகளின் சுவர்களில் இரவில் தட்டையாகப் பரந்து நிற்கும் பெரிய பழுப்பு நிறச் சிலந்தியை மாதிரியாக எடுத்தீர்களானால் இந்த விதி பொருந்தாது. அதன் கால்கள் நண்டைப் போலப் பக்கவாட்டிலேயே விரிந்திருக்கும். ஒருவேளை உங்கள் மாதிரி அதுதானோ? அப்படியென்றால் உங்கள் விருந்தாளிகள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு.

வளைவுகள் நிலைத்து நிற்பதற்கு ஈரம் வேண்டும். ஈரமாக்கி மடிக்கும் முறையை வளர்த்தவர் 1911இல் பிறந்து 2005இல் மறைந்த யொஷிசாவா அகிரா. இன்று உலகெங்கும் மடிப்புப் படங்களில் காணும் புள்ளிக்கோடுகளும் அம்புக்குறிகளும் அவர் தொடங்கிவைத்தவையே. மெல்லிய தூரிகையால் முழங்காலில் மட்டும் ஒரு சொட்டு சி.எம்.சி. கூழைத் தடவி, வளைத்து, காயும்வரை அப்படியே பிடித்திருங்கள். ஒரு காலுக்கு ஐந்து நிமிடம். வெறும் தண்ணீரால் இதைச் செய்து, வெயில் காலத்தில் அழகாக நின்ற என் சிலந்தி ஒன்று, ஒக்தோபர் மழையில் இரண்டே இரவுகளில் எட்டுக் கால்களையும் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது. கூழ் பூசிச் செய்த அடுத்த சிலந்தி நன்றாகவே நின்றது. மிக நன்றாக நின்றதால், புத்தக அலுமாரியின் மேல் அதைக் கண்ட என் தாயார் தும்புத்தடியால் ஒரே அடியில் முடித்துவிட்டார். பதினொரு மாலைகளின் வேலை. அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இதுவரை என் மடிப்புக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் மிகப் பெரியது.

நிற்கவைக்கும்போது கண்ணாடித் துண்டொன்றின்மேல் வைத்து, முதலாம், நான்காம் சோடிகளை முதலில் சமப்படுத்துங்கள். பாரம் அந்த நான்கு கால்களில் நிற்கட்டும். நடுவில் உள்ள நான்கும் தரையைத் தொட்டால் போதும், தாங்கவேண்டியதில்லை. எட்டையும் தாங்கவைக்க முயன்றால் ஏதோ ஒரு கால் எப்போதும் ஆடிக்கொண்டேயிருக்கும்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. சிலந்திதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். சொல்லிக்கொடுக்கலாமா?
— தாய், கிருலப்பனை

பதில்: இந்த இதழில் விவரித்த சிலந்தி வேண்டாம். நான்கு நீளக் கீற்றுகளை வெட்டி, நடுவில் நட்சத்திரமாக அடுக்கி ஒட்டி, எட்டு நுனிகளையும் முழங்கால் போல மடித்துக் கொடுங்கள். அரை மணித்தியாலத்தில் நிற்கும். ஒரு சதுரத்தின் விளிம்போடு விளிம்பைப் பொருத்தி மூலை பிசகாமல் மடிக்கும் பழக்கத்தையும் பக்கத்திலேயே இருந்து பழக்குங்கள். கொக்கை யாருடைய உதவியும் இல்லாமல் மடிக்கத் தொடங்கும்போது எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி: மடித்தவற்றைக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்தில் கால் நுனிகளை ஏதோ அரித்துவிட்டது. என்ன செய்வது?
— தெமட்டகொடை வாசகர்

பதில்: பழைய புத்தகங்களில் ஓடித்திரியும் வெள்ளி நிறப் பூச்சியின் வேலையாக இருக்கும். மாப்பசை அதற்கு விருந்து, கடதாசியையும் விட்டுவைக்காது. கால்களை மாப்பசையால் ஒட்டியிருந்தால் இனிமேல் அதைத் தவிருங்கள். அரித்த உருவங்களை ஒரு பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் ஒரு வாரம் வைத்தெடுத்தால் உள்ளே இருக்கும் பூச்சிகள் இறந்துவிடும். வெளியே எடுத்ததும் பையை உடனே அவிழ்க்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வரும்வரை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த கடதாசியில் நீர் படிந்து வளைவுகள் எல்லாம் தளர்ந்துவிடும். பின்னர் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளோடு வரும் சிலிக்கா பைக்கற்றுகள் இரண்டு மூன்றைப் போட்டு மூடிவையுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பைக்கற்றுகளை மாதம் ஒருமுறை மாற்றவேண்டும்.